எழுத்துக்கு இடம் கொடுப்பது யார்?

தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தின் முன் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள திரையில் "கதவைத் திறக்க" என்ற இரு சொற்கள் மட்டும் தெரிகின்றன. மீதி எழுத்துகள் சட்டத்துக்கு அப்பால் மறைந்துவிட்டன. மறைந்தது "வும்" என்றால் கதவைத் திறக்க வேண்டும். மறைந்தது "வேண்டாம்" என்றால் திறக்கக் கூடாது. எது மறைந்தது என்பதைத் திரை சொல்லாது.

இது கற்பனைதான். ஆனால் நடக்க முடியாத கற்பனையன்று. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வால் வெட்டுப்பட்டால் ஆங்கிலத்தில் போவது பெரும்பாலும் விவரம். தமிழில் உயிரே போய்விடலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டு ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்து ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோரில் தமிழ்வழி படித்தவர்கள் பலர். எனவே திரையில் எழுத்து வெட்டுப்படுவது ஏன், அதைத் தடுக்கக் கருவி உண்டா, அந்தக் கருவியில் குறை என்ன என்று ஆராய்வது நமக்குப் பயனுள்ளது.

திரையில் காணும் பொத்தான், எழுத்துப்பட்டை, நிரப்பும் கட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விட்ஜெட் என்று பெயர். மற்ற விட்ஜெட்டுகளைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் விட்ஜெட் கொள்கலன் எனப்படும். உள்ளே இருப்பவை அதன் பிள்ளைகள். ஒரு கொள்கலனே மற்றொரு கொள்கலனின் பிள்ளையாகவும் இருக்கலாம். நம் வீட்டில் பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் சிறிய டப்பாக்களை அடுக்கிவைப்பதில்லையா? அதுபோலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எவர்சில்வர் டப்பா தன் அளவை மாற்றிக்கொள்ளாது. நல்ல கொள்கலன் மாற்றிக்கொள்ளும்.

இவ்விட்ஜெட்டுகளை ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்புக்கு டூல்கிட் என்று பெயர். புகழ்பெற்ற இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது ஜிடிகே. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காக இதை உருவாக்கினர். இதன் முதற்பதிப்பு 1998இல் வெளிவந்தது. லினக்ஸ் கணினிகளில் காணப்படும் க்னோம் மேசைத்தளம் இதன்மீது கட்டப்பட்டதே. இரண்டாவது கியூட். நார்வே நாட்டைச் சேர்ந்த இருவர் எழுதி 1995இல் வெளியிட்டது.

கியூட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓர் உறவு உண்டு. அதை உருவாக்கிய டிரால்டெக் நிறுவனத்தை நோக்கியா 2008இல் விலைக்கு வாங்கியது. 2012இல் கியூட்டை டிஜியா என்ற பின்லாந்து நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆக, சுமார் நான்கு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கீழ் இங்கே கைபேசி பூட்டப்பட்டது; திரையில் எழுத்துக்கு இடம் ஒதுக்கும் விதி வேறு நாட்டில் எழுதப்பட்டது. விதியை எழுதியவர்கள் தமிழை மறந்துவிட்டார்களா? இல்லை என்பதே விடை. விதி நன்றாகவே இருக்கிறது. எப்படி என்று காண்போம்.

சாளரம் திறக்கும்போது இரண்டு பயணங்கள் நடைபெறுகின்றன. முதற்பயணம் கீழிருந்து மேல். ஒவ்வொரு பிள்ளையும் "எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்" என்று தன் கொள்கலனிடம் சொல்கிறது. கொள்கலன் அவற்றைக் கூட்டித் தன் பெற்றோரிடம் சொல்கிறது. இரண்டாம் பயணம் மேலிருந்து கீழ். உள்ள இடத்தைச் சாளரம் பங்கிட்டுக் கொடுக்கிறது. பிள்ளை கேட்கலாம், ஆனால் முடிவு கொள்கலனுடையது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று பொத்தான்கள் முறையே 80, 120, 160 புள்ளி அகலம் கேட்கின்றன. கூட்டுத்தொகை 360. சாளரத்தின் அகலம் 600. மிச்சம் 240. மூன்றும் விரியத் தக்கவை என்று குறித்திருந்தால் ஜிடிகேயின் பெட்டி அந்த மிச்சத்தை ஆளுக்கு 80 வீதம் பங்கிடும். முடிவில் அகலங்கள் 160, 200, 240 ஆகும். இயற்பியல் மாணவர்கள் இதை உடனே இனங்கண்டுகொள்வார்கள். ஒரே சுருள்வில் மாறிலியுள்ள மூன்று வில்களைத் தொடராக இணைத்து இழுத்தால் நீட்சி சமமாகப் பிரிவதைப் போன்றதே இது. விரிய வேண்டாம் என்று குறித்த பிள்ளை, வில்களுக்கிடையே வைத்த இரும்புக் கம்பி போன்றது. கியூட்டின் வடிவமைப்புக் கருவியில் இடைவெளி விட்ஜெட்டைச் சுருள்வில்லாகவே வரைந்து காட்டுகிறார்கள்.

நீண்ட வாக்கியத்துக்கு இன்னொரு விதி தேவைப்படுகிறது. ஒரே வரியில் 600 புள்ளி நீளமும் 30 புள்ளி உயரமும் கொண்ட வாக்கியத்தை 300 அகலத்துக்குள் மடித்தால் உயரம் 60 ஆகும். 200 அகலத்தில் 90 ஆகும். பெருக்குத்தொகை மூன்று இடத்திலும் 18,000. பாயில் விதியில் அழுத்தமும் பருமனும் நடந்துகொள்வதைப் போலவே அகலமும் உயரமும் இங்கே நடந்துகொள்கின்றன. சொல்லை நடுவில் உடைக்கக் கூடாது என்பதால் நடைமுறையில் உயரம் சற்றுக் கூடலாம். "இந்த அகலம் கொடுத்தால் உனக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?" என்று பிள்ளையைக் கேட்கும் ஏற்பாடு ஜிடிகேயின் அடிப்படையிலேயே சேர்ந்தது 2011இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். நீண்ட சொற்களைக் கொண்ட நம் மொழிக்கு இது பெரிய உதவி.

இவ்வளவு நல்ல விதி இருந்தும் எழுத்து ஏன் வெட்டுப்படுகிறது? விதியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி இருப்பதால்தான். "இந்தப் பொத்தானை இடமிருந்து 40, மேலிருந்து 100 என்ற இடத்தில் வை, அகலம் 90" என்று எண்களை நேராக எழுதிவிடலாம். கொள்கலன் பிள்ளையைக் கேட்பதே இல்லை. எழுதியவரின் கணினியில், அவர் எழுதிய மொழியில், எல்லாம் அழகாகத் தெரியும். மொழியை மாற்றியதும் குட்டு வெளிப்படும். ஜிடிகேயில் இதற்கென்றே ஒரு நிலைக் கொள்கலன் உண்டு. அதன் ஆவணமே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கிறது. எழுத்துருவும் தோற்றமும் மாறும், மொழிபெயர்ப்பில் நீளம் மாறும் என்று காரணமும் சொல்கிறது. பாராட்ட வேண்டிய நேர்மை இது.

கியூட்டின் வடிவமைப்புக் கருவியிடம் இந்த எச்சரிக்கை உணர்வு குறைவு என்பேன். அதில் பொத்தானை இழுத்துப் போட்டதும் போட்ட இடத்திலேயே எண்களால் நிலைநிறுத்தப்படுகிறது. பங்கிடும் ஏற்பாட்டை நாமாகத் தேர்ந்து சேர்க்க வேண்டும். முதற்படியிலேயே பார்வைக்கு நன்றாக இருப்பதால் தொடக்க மாணவர் அங்கேயே நின்றுவிடுகிறார். நல்ல வழியைக் கேட்டால் கொடுப்பதும், கெட்ட வழியைக் கேளாமலே கொடுப்பதும் ஒரு கருவிக்கு அழகல்ல. தொழிற்சாலைத் திரைகளை வரையும் மென்பொருள்கள் பலவும் இந்த எண் முறையையே பின்பற்றுகின்றன.

எழுத்துகளை எண்ணிப் பார்த்து அகலத்தை முன்கூட்டியே ஊகிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். "அவசர நிறுத்தம்" என்பதைக் கணினி 14 குறியீடுகளாகச் சேமிக்கிறது. "எமர்ஜென்சி ஸ்டாப்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலும் இடைவெளி உட்பட 14தான். எண்ணிக்கை ஒன்று, ஆனால் திரையில் அகலம் ஒன்றல்ல. தமிழில் சில குறியீடுகள் முந்தைய எழுத்தோடு சேர்ந்துவிடுகின்றன. மற்ற எழுத்துகளோ ஆங்கில எழுத்தைவிட அகன்றவை. இகரக் கொம்பு மேலேயும் உகரச் சுழி கீழேயும் நீள்வதால் வரிக்கு உயரமும் வேண்டும். ஆய்வகத்தில் நாம் சொல்வதுதான்: எண்ணாதே, அள. அளக்க வல்லது அந்த எழுத்துப்பட்டை மட்டுமே. ஆகவே அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி இரு டூல்கிட்டுகளின் மற்றொரு குணத்தைப் பார்ப்போம். இடம் கொடுக்கும் கொள்கலனே பிள்ளையின் ஆயுளுக்கும் பொறுப்பாகிறது. கொள்கலனை அழித்தால் பிள்ளைகளும் பொதுவாக உடன் அழியும். நினைவகம் வீணாகாதிருக்க இது நல்ல ஏற்பாடே. ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரு பெற்றோர் இருக்கவும் முடியாது. ஆனால் பிள்ளையை ஒரு கொள்கலனிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்கும்போது சிக்கல் எழுகிறது. தமிழ்ச் சொல் நீளமாயிருப்பதால் பக்கவாட்டு வரிசையைக் கலைத்து மேல்கீழ் வரிசையாக்க நினைப்பவர் இதில்தான் இடறுவார்.

ஜிடிகேயில் பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், அது அக்கணமே அழிந்துவிடும். எனவே எடுப்பதற்கு முன் ஒரு பிடி போட்டுக்கொள்ள வேண்டும். கியூட்டில் நேர்மாறு. அங்கே பங்கிடும் ஏற்பாடு பெற்றோர் அன்று. அது கணக்குப்பிள்ளை மாதிரி. கணக்கிலிருந்து பெயரை அடித்தாலும் பிள்ளை சாளரத்தின் பிள்ளையாகவே இருக்கும். பழைய இடத்திலேயே திரையில் தெரிந்துகொண்டும் இருக்கும். முன்னதில் எதிர்பாராத சாவு. பின்னதில் எதிர்பாராத பேய். இரண்டில் எது மேல்? என் தீர்ப்பு கியூட்டின் பக்கம். இடம் பங்கிடுவதும் உயிர் காப்பதும் வேறு வேறு வேலை என்பதை அது தொடக்கத்திலேயே உணர்ந்திருக்கிறது. பேயைக் கண்ணால் பார்த்தாவது பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

ஜிடிகேயும் ஓரளவு இந்த வழிக்கே வந்தது. 2020 டிசம்பரில் வெளியான நான்காம் பதிப்பில் கொள்கலன் என்ற தனி இனமே நீக்கப்பட்டது. எந்த விட்ஜெட்டும் பிள்ளைகளைக் கொள்ளலாம். பங்கீட்டைத் தனியொரு மேலாளர் பொருள் கவனிக்கலாம். சிந்தனை சரியானது. ஆனால் விலை சிறியதன்று. பழைய நிரல்களில் பிள்ளையைச் சேர்க்கும் பொதுக் கட்டளை புதிய பதிப்பில் இல்லை. சேர்க்கும் இடமெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. எடுத்த பிள்ளை அழியும் வழக்கமும் மாறவில்லை.

கணினி வசதியுள்ள மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். கியூட்டின் வடிவமைப்புக் கருவியில் மூன்று பொத்தான்களை இழுத்து வையுங்கள். அவற்றின் ஆங்கிலச் சொற்களை நீக்கி நீண்ட தமிழ்ச் சொற்களை இடுங்கள். வால் மறைவதைக் காண்பீர்கள். பிறகு மூன்றையும் தேர்ந்து கிடைவரிசை ஏற்பாட்டில் சேருங்கள். இம்முறை பொத்தான்கள் சொற்களின் அளவுக்கேற்ப அகலம் கேட்டுப் பெறும். செலவில்லாத சோதனை, ஐந்து நிமிட வேலை.

திரைக்குத் தமிழ் ஒத்துவராது, சொற்கள் நீளம் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு மொழிபெயர்ப்பாளர் சொல்லைச் சுருக்குகிறார், சுருக்கியது புரியாமற்போகிறது, பிறகு ஆங்கிலமே இருக்கட்டும் என்று முடிக்கிறார்கள். குற்றம் சொல்லின் நீளத்தில் இல்லை. அதைக் கேட்காமலே 90 புள்ளி என்று எழுதிய கையில் இருக்கிறது. நாளை ஒரகடத்து ஆலைக்குத் திரை எழுதப் போகும் மாணவரே, பிள்ளையைக் கேட்டு இடம் கொடுங்கள். தமிழ் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே சொல்லும்.