நம்பிக்கை: ஒரு சொல்லின் திசை

மேடைகளில் அடிக்கடி கேட்கும் சொல்விளக்கம் ஒன்றுண்டு. ‘நம்பிக்கை’ என்பதை ‘நம்பி’ எனவும் ‘கை’ எனவும் பிரித்து, ‘உன் கையை நம்பு, அதுவே நம்பிக்கை’ என்பார்கள். மறையுரைகளிலும் இது எப்போதாவது செவியில் விழுகிறது. சுவையான விளக்கந்தான், ஆனால் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. ‘வாழ்க்கை’, ‘இருக்கை’, ‘சேர்க்கை’ ஆகியவற்றின் இறுதியில் நிற்கும் ‘கை’ உடலுறுப்பு அன்று, விகுதி. இங்கும் அவ்வாறே. நம்புதல் என்னும் செயலின் பெயரே நம்பிக்கை.

இச்சிறு பிழையைப் பெரிதாக்குவானேன் என வினவலாம். விகுதியோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம்; அது சொல்லின் திசையையே திருப்பிவிடுகிறது. ‘நம்பு’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. யாரை, எதை என்னும் வினாவுக்கு விடையின்றி அது நிறைவடைவதில்லை. நண்பனை நம்புகிறோம்; மருத்துவரை நம்புகிறோம்; மழையை நம்பி விதைக்கிறோம். தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு ‘நசை’, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. விரும்புகிறவர் தம்மைவிட்டு வெளியே நோக்குகிறவர் அன்றோ! சட்டமன்றத்தின் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அமைச்சரவையோடு அவைக்குள்ள உறவையே பேசுகிறது. உறுப்பினர்களின் மனவலிமையை அன்று.

பழைய செபப் புத்தகங்களில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்களைக் கற்றோம். ‘விசுவாசம்’ என்னும் வடசொல்லுள் ‘சுவாசம்’ இருக்கிறது. அச்சம் நீங்கி, தடையின்றி மூச்சுவிடும் நிலையை அது உணர்த்துகிறது. எவரருகில் அவ்வாறு மூச்சுவிட முடிகிறதோ, அவரையே விசுவசிக்கிறோம். ஆயினும் நாள்வழக்கில் அச்சொல், வளர்ப்பு நாய்க்கும் கட்சித் தொண்டருக்கும் உரிய பற்றினைக் குறிப்பதாகக் குறுகிவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘நம்பிக்கை’யை அமர்த்தி, முன்னர் நம்பிக்கை எனப்பட்டதை ‘எதிர்நோக்கு’ என்றது. 2025ஆம் ஆண்டு யூபிலி எதிர்நோக்கையே மையப்பொருளாகக் கொண்டதால் அச்சொல் இப்போது நமக்குப் பழகிவிட்டது.

இம்மாற்றம் பொருத்தமானதே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘பிஸ்திஸ்’ நம்புதலையும் நம்பத்தக்க தன்மையையும் சேர்த்தே குறிக்கிறது. எனினும் இதற்கொரு விலை உண்டு. தன்முன்னேற்ற நூல்கள் ‘தன்னம்பிக்கை’ எனப் பழக்கிய செவியோடு நாம் நற்செய்தியைக் கேட்கிறோம். நலம்பெற்றவரின் நம்பிக்கையை இயேசு பாராட்டுகையில், அவரது மனத்திடமே மருந்தாயிற்று என எண்ணிவிடுகிறோம்.

விளைவைத் துயர வீடுகளில் காணலாம். ‘இன்னும் நம்பிக்கையோடு செபித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்’ என்று தாயிடம் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. நம்பிக்கையை அளந்து பார்க்கும் ஆற்றலாக்கினால், இழப்பைச் சுமப்பவர் குற்றவுணர்வையும் சுமக்க நேர்கிறது.

மாற்கு நற்செய்தி இவ்வாறு அளப்பதில்லை. அதன் 5ஆம் அதிகாரத்தில், 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அஞ்சி நடுங்கியே ஆண்டவர்முன் விழுகிறார். நடுங்கிய அவரிடம் இருந்ததையே ஆண்டவர் நம்பிக்கை என்றார். 9ஆம் அதிகாரத்தில், மகனுக்காக மன்றாடும் தந்தை, தாம் நம்புவதாகச் சொன்ன கையோடு தமது நம்பிக்கையின்மைக்கும் உதவி கேட்கிறார். அவரிடம் உறுதி குறைவு; எவரிடம் கேட்பது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது போதுமானதாயிற்று.

தன்னம்பிக்கை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தேர்வெழுதும் மாணவருக்கும், காலமெல்லாம் தாழ்த்தி வைக்கப்பட்டோருக்கும் அது இன்றியமையாதது. துணிவு, மனவுறுதி என்னும் சொற்களும் அதற்கு உள்ளன. ஆனால் துயருற்றவரிடம் ‘நம்பிக்கை கொள்ளுங்கள்’ என்னுமுன், ‘யார்மீது?’ என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று. இறைவன்மீது என்பது விடையானால், அவர் பெயரால் அவ்வீட்டினுள் சென்ற நாமும் நம்பத்தக்கவர்களாய்ச் சிறிதுநேரம் உடனமர்ந்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.