ஒரு வெள்ளத்துக்கு மூன்று பெயர்

காவிரிக் கணக்கில் அது ரக்தாட்சி வருஷத்து வெள்ளம். மலையாளக் கரையில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில், வரிக்கணக்கு ஆண்டான பசலி 1334. மூன்றும் ஒன்றுதான். 1924 ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்த்த மழை. நூலகத்தில் ஊர்க்கதை தேடப் போகிறவர் முதலில் பழக வேண்டிய ருசி இது. நாம் 1924 என்று தேடிக்கொண்டிருப்போம். நமக்கு வேண்டிய தாளோ வேறு பெயரைச் சூடிக்கொண்டு பக்கத்து அடுக்கிலேயே கிடக்கும்.

கணக்கு எளிதுதான். பசலியோடு 590ஐயும் கொல்லத்தோடு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் பிறக்கும், கொல்லம் ஆவணியில் பிறக்கும் என்பதால் ஓராண்டு முன்பின் ஆகலாம். தமிழ் வருஷம் மட்டும் பிடிவாதக்காரி. அறுபது ஆண்டு கழித்து அதே பெயரோடு திரும்பி வருவாள். தாளில் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1876ஆ, 1936ஆ? கொடும்பஞ்சம் தொடங்கிய தாது 1876. விக்டோரியா ராணியின் பெயர் வந்தால் முந்தையது. டாக்கி சினிமாவும் மோட்டார் பஸ்ஸும் வந்தால் பிந்தையது. இப்படித் துப்புத் துலக்குவதில் அரை நாள் போகட்டும். அந்த அரை நாளில் வருஷம் மட்டுமா பிடிபடுகிறது, அந்தக் காலத்துத் தெருவே கண்முன் வந்துவிடுகிறது.

அடுத்தது, புத்தகத்தை ஓரத்திலிருந்து படிப்பது. அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் இருந்தாக வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அரையணாப் பாட்டுப் புத்தகத்தின் முகப்பில்கூட அச்சுக்கூடத்தின் ஊர் இருப்பது அதனால்தான். உங்கள் ஊரில் அச்சுக்கூடம் இருந்ததா, யார் நடத்தினார்கள் என்பதை முகப்புகளை வைத்தே கோத்துவிடலாம். பின்னட்டையில் லேகிய விளம்பரமும் நாடக நோட்டீசும் இருக்கும். சிறப்புப்பாயிரம் கொடுத்த புலவர்களின் பெயருக்கு முன்னால் அவரவர் ஊரும் உத்தியோகமும் இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிரியமானது பொருளுதவி செய்தவர்களின் பட்டியல். மூலநூலைப் புரட்டாமல் அந்தப் பட்டியலை மட்டுமே ஒரு மாலை முழுக்க வாசித்திருக்கிறேன். மிராசுதார், வக்கீல், பள்ளிக்கூட உபாத்தியாயர், கப்பலேறிப் போன வியாபாரி என்று ஓர் ஊரே வரிசையில் நிற்கும்.

வெள்ளத்துக்கு வருவோம். சென்னைப் பட்டணத்துக் குஜிலிக் கடைகளில் மலிவுத் தாளில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்கப்பட்ட சிந்துப் பாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளம், கொலை, ரயில் விபத்து எது நடந்தாலும் சுடச்சுடப் பாட்டாகிவிடும். இவற்றுக்குள் நுழைய ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ நல்ல வாசல். சிந்தைக் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள், உதட்டை அசைத்துப் படியுங்கள். எழுத்துப்பிழை என்று முகம் சுளித்த இடம் பாடும்போது பேச்சுவழக்காகக் காதில் விழும். சர்க்கார் அறிக்கை அடிக்கணக்கில் சொன்ன நீர்மட்டம், சிந்தில் வீட்டுத் திண்ணையைத் தாண்டும்.

இந்தத் தாள்கள் நமக்கு மிஞ்சியதே பெரிய காரியம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தார். நூல்களோடு பத்திரிகை, அழைப்பிதழ், நாடக நோட்டீசு என மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேகரிப்பு ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. அந்த நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து தொடங்கலாம்.

தேடும்போது ஊர்ப்பெயரிலும் பிடிவாதம் வேண்டாம். திருச்சி என்று கேட்டால் வராதது திரிசிரபுரம் என்று கேட்டால் வரும். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மாவட்ட நூலும், பேட் 1917இல் எழுதிய திருநெல்வேலி கெசட்டியரும் ஆங்கில அதிகாரியின் கண்ணால் எழுதப்பட்டவை. ஊர்ப்பெயர் அகராதிக்கும் விளைச்சல் விவரத்துக்கும் அவை போதும். மனிதர்களைப் பற்றி அவை சொல்வதைச் சிந்தோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அதே 1924 வெள்ளம் மூணாறில் ஒரு ரயிலையே அடித்துக்கொண்டு போனது. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே தேயிலை ஏற்றிச் சென்ற சிறு ரயில் அது. மலை விளிம்பில் சரக்கை இறக்கினால், கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு, போடி பக்கம் வந்துசேரும். வெள்ளத்துக்குப் பிறகு அந்த ரயில் ஓடவில்லை. மலை விளிம்புக்கு மட்டும் இன்றும் டாப் ஸ்டேஷன் என்றே பெயர். போடிக்காரர் ஒருவர் நூலகத்தில் சீட்டு எழுதும்போது ரக்தாட்சி, பசலி 1334, கொல்லம் 1099 மூன்றையும் எழுதிக் கொடுக்கட்டும்.