ஆண்டுக்கு மூன்று உருப்படிகள்

நம் பங்குகளில் பியானோ பயிலும் பிள்ளைகள் இன்று பலர். பெற்றோர் தம் வருவாய்க்கு மீறியும் ஒரு கருவியை, பெரும்பாலும் கீபோர்டை, வாங்கிக் கொடுத்து ஆசிரியரிடம் அனுப்புகின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் இப்பிள்ளைகள் எவற்றை வாசிக்கின்றனர் என்று நாம் கேட்பதில்லை. எந்தக் கிரேடில் தேறினர் என்றே கேட்கிறோம்.

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இசைத்தேர்வு அமைப்புகள் பயிற்சியை எட்டுக் கிரேடுகளாக வகுத்துள்ளன. வழக்கமான செய்முறைத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் மூன்று உருப்படிகள் வேண்டும். ஆண்டுக்கொரு கிரேடாக ஏறும் பிள்ளை, எட்டாண்டு முடிவில் அறிந்திருப்பது 24 உருப்படிகள். சைக்கோவ்ஸ்கி 1878-இல் குழந்தைகளுக்கென எழுதிய ஒரு சிறு தொகுப்பிலேயே 24 உருப்படிகள் உள்ளன என்பதை நினைத்தால் இந்த எண்ணிக்கையின் வறுமை விளங்கும். தேர்வு அமைப்புகளைக் குறைகூறித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அவை பல காலத்தவர், பல நாட்டவர் படைப்புகளை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. அவற்றின் குறைந்த அளவையே நிறைந்த அளவாகக் கொண்டவர்கள் நாம்தாம்.

நாமறிந்த பங்கொன்றில், ஐந்தாம் கிரேடில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒரு ஞாயிறன்று வழக்கமாக வாசிப்பவர் வரவில்லை. பாடகர் குழுத் தலைவர், நான்கு குரல்களில் எழுதப்பட்ட எளிய பாடலொன்றின் இசைக்குறிப்பை அவள்முன் வைத்தார். அவள் தேர்வில் வாசித்தவற்றின் கடினத்தில் பாதிகூட அதில் இல்லை. ஆயினும் இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கண்ணீரோடு எழுந்து போனாள். திறமையில்லை என்று சிலர் முணுமுணுத்தனர். அது பெரும் அநீதி. மாதக்கணக்கில் மூன்றே உருப்படிகளைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் அவள் விரல்கள் அவற்றை மனப்பாடம் செய்திருந்தன. கண்ணோ படிக்கப் பழகவில்லை. ஆண்டுக்கு மூன்று கட்டுரை மட்டும் படித்து எந்தப் பிள்ளை ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளும்?

பழைய ஆசான்கள் இவ்வாறு செய்யவில்லை. பாக் தம் மனைவி அன்னா மாக்டலேனாவுக்கு அளித்த 1725-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஜி மேஜர் மினுவெட்டை வாசிக்காத மாணவர் அரியர். பாக் இயற்றியதாக நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்த அது, டிரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்சோல்டின் படைப்பு என்பது 1970-களில் தெளிவாயிற்று. இதில் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. அந்த வீட்டுக் குறிப்பேட்டில் தந்தையின் படைப்போடு மகனின் படைப்பும், அயலூராரின் நடனமும், திருச்சபைப் பாடல்களும் கலந்து கிடக்கின்றன. பாரீசின் புனித ஜெர்வாசியார் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த பிரான்சுவா கூப்பரேனின் உருப்படியொன்றும் அதில் உண்டு. லூத்தரன் இல்லத்தில் கத்தோலிக்க ஆலயக் கலைஞரின் இசை! உலகத்துப் பெருங்கலைஞர் ஒருவரின் வீட்டிலேயே கற்றல் இத்தனை பன்முகமாக இருந்தது. அந்த மினுவெட்டிலும் இடக்கை வெறும் துணையாக நிற்பதில்லை. வலக்கையோடு உரையாடும் மற்றொரு பாட்டாக அது நடக்கிறது. ஒரே கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் நம் கீபோர்டு இடக்கைகளுக்கு இது புதுச் செய்தி.

பலவகையாகக் கற்பது வேறு, பலவற்றை நுனிப்புல் மேய்வது வேறு. பேத்தோவன் 1810-இல் எழுதி, அவர் மறைந்து நாற்பதாண்டு கழித்து 1867-இல் அச்சேறிய 'எலீசாவுக்காக' என்னும் உருப்படிக்கு நேர்ந்த கதி இதற்குச் சான்று. பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சிகளில் அதன் தொடக்கம் ஒலிக்காத ஆண்டில்லை. முழுமையாக ஒலித்த ஆண்டை நாம் கண்டதில்லை. தொடக்கப்பகுதி எளிது, இடைப்பகுதிகள் கடினம். ஆகவே முதற்பகுதியோடு கைதட்டல் வாங்கி இறங்கிவிடுகின்றனர். ஆனால் அப்படைப்பின் உயிர், அந்த மென்மையான பாட்டு திரும்பத் திரும்ப வருவதில்தான் இருக்கிறது. இறுதிக்குச் சற்றுமுன் இடக்கை ஒரே கீழ்ச்சுரத்தை விடாது தட்டுகிறது; மேலே கார்டுகள் இருண்டு அழுத்துகின்றன. அதைக் கடந்து பழைய பாட்டு மீளும்போது, சுரங்கள் அவையேயாயினும் கேட்கும் நமக்கு அது பழைய பாட்டாக இல்லை. நடுப்பகுதியை விட்டவர் முதற்பகுதியையும் கேட்கவில்லை என்றே சொல்வோம்.

ஷூமனின் 'இளையோர் தொகுப்பு' (1848) நம் நோக்கில் தனிச்சிறப்புடையது. தம் மூத்த மகள் மரியின் ஏழாம் பிறந்தநாளுக்கென அவர் எழுதத் தொடங்கிய சில உருப்படிகளே 43 ஆக வளர்ந்தன. அவற்றுள் பத்தாவதான 'மகிழ்ச்சியான உழவன்' எங்கும் வாசிக்கப்படுகிறது. நான்காவதை எவரும் தொடுவதில்லை. அது ஒரு வழிபாட்டுப் பாடல். நான்கு குரல்களில், அலங்காரமின்றி, மெதுவாகச் செல்வது. அதில் வேகமில்லை, மேடையில் வாசித்தால் கைதட்டல் வராது. ஆனால் ஒவ்வொரு விரலும் ஒரு குரலைத் தாங்க வேண்டும். ஒரு சுரத்தை விடும் முன்னே அடுத்ததைப் பற்ற வேண்டும். பாடுவோர் மூச்செடுக்கும் இடத்தில் கையும் மூச்செடுக்க வேண்டும். அந்த ஞாயிறன்று அச்சிறுமிக்குத் தேவைப்பட்டது இந்தப் பயிற்சியே. நூலின் 42-ஆம் எண்ணில் ஷூமன் அதே பாடலை மீண்டும் கொணர்கிறார். இம்முறை அதனைச் சுற்றி ஓடும் சுரங்கள் பின்னப்பட்டுள்ளன. சைக்கோவ்ஸ்கியின் தொகுப்போ, நாம் மேலே குறித்தது, அச்சான வரிசையில் காலைச் செபத்தில் தொடங்கி ஆலயத்தில் முடிகிறது. இடையில் மரக்குதிரையும் பொம்மையின் நோயும் அதன் அடக்கமும் புதுப் பொம்மையும் வருகின்றன. குழந்தையின் ஒரு நாளுக்குள் செபமும் விளையாட்டும் துக்கமும் அடங்கும் என்று அறிந்தவர் அமைத்த வரிசை அது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஆசிரியர்களே தயங்குகின்றனர். பார்ட்டோக்கின் 'மைக்ரோகாஸ்மாஸ்' ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள் கொண்டது. 1926 முதல் 1939 வரை எழுதப்பட்டது. அவற்றைக் கேட்டவுடன் “இனிமையில்லை” என்பர். நமக்கும் முதலில் அவ்வாறே பட்டது. ஆனால் நான்காம் தொகுதியில் 'பல்கேரியத் தாளம்' என்னும் தலைப்பில் 113-ஆம் எண் ஏழு எண்ணிக்கையிலும் 115-ஆம் எண் ஐந்து எண்ணிக்கையிலும் செல்கின்றன. மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் கேட்டு வளர்ந்த செவிக்கு இவை அந்நியமா? ஏழைப் பிரிக்கும் முறை சற்று மாறலாம். எனினும் சமமற்ற அடிகளில் நடக்கும் சுவை நாமறிந்ததே. மூன்றும் நான்குமான எண்ணிக்கையிலேயே ஊறிய மாணவர் திணறுமிடத்தில், தமிழ்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடக்கூடும். இதைப் பாடத்திலிருந்து விலக்குவது, விருந்தில் நம் வீட்டுப் பலகாரத்தையே தள்ளிவைப்பதற்கு ஒப்பாகும்.

“அகலமாக உழுவதை விட ஆழமாக உழுவதே நன்று” என்று சிலர் மறுப்புரைக்கலாம். அதில் உண்மையுண்டு. ஓர் உருப்படியோடு மாதக்கணக்கில் போராடிப் பெறும் பயனை வேறெதுவும் தராது. நாம் அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆழ உழும் அவ்வொன்றோடு, தம் தரத்திற்கு இரண்டு கிரேடு கீழேயுள்ள எளியவற்றை வாரம் ஒன்றாகப் படித்துக் கடக்கச் சொல்கிறோம். அவை செம்மையாக வர வேண்டியதில்லை, மேடையேற வேண்டியதுமில்லை. பாக்கிலிருந்து ஒன்று, கிளெமெண்டியின் சொனாட்டினாவிலிருந்து ஒரு பகுதி, ஷூமன், பார்ட்டோக் என மாறி மாறி வந்தால் போதும். செலவைக் காரணம் காட்டவும் இயலாது; பதிப்புரிமைக் காலம் கடந்த ஷூமனும் சைக்கோவ்ஸ்கியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றனர்.

பியானோவுக்கும் ஆலயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவரும் உளர். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் ஆலயத்துள் பியானோ வாசிப்பதைத் தடைசெய்தது வரலாறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் குழல் ஆர்கனை உயர்த்திப் போற்றியதோடு, உரிய அதிகாரியின் இசைவுடன், வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடமளித்தது. குழல் ஆர்கன் நம் ஆலயங்களில் மிக அரிது. கீபோர்டே அதன் இடத்தில் நிற்கிறது. அதை வாசிக்கும் கைகளுள் பல பியானோ பாடத்தில் பழகியவை. பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் தாளத்துக்குப் பின்னே அக்கைகள் ஒளிந்துகொள்வதற்குச் சோம்பல் காரணமன்று. வேறெதுவும் அவற்றுக்குக் கற்பிக்கப்படவில்லை.

அச்சிறுமி இப்போது ஷூமனின் நான்காம் எண்ணை வாசிக்கிறாள். முதன்முறை படித்து முடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. அவள் ஆசிரியை 42-ஆம் எண் இருக்கும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்திருக்கிறார். அதற்கு இரண்டாண்டு ஆகலாம் என்கிறார்.