'கிளாப்' என்னும் நோய்ப்பெயர்: சொற்பிறப்பு விளக்கங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழில் வெட்டை, மேகவெட்டை என வழங்கும் கொனோரியா நோய்க்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'கிளாப்' என்னும் பெயர் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இச்சொல் ஆங்கில எழுத்தில் பதிவாகியுள்ளது. இன்று கொச்சையாகக் கருதப்படும் இதன் பிறப்புக்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. அவற்றின் வலிமையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைதட்டல் விளக்கம்

நோயுற்ற ஆண்குறியை இரு கைகளாலோ கனத்த நூலாலோ அடித்துச் சீழை வெளியேற்றினர்; அதனால் கைதட்டலைக் குறிக்கும் 'கிளாப்' நோய்க்குப் பெயராயிற்று என்பர். மிகுதியாகப் பரவியுள்ள விளக்கம் இதுவே. ஆனால் இது ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்கிறது. ஒரே வடிவுடைய இரு சொற்கள் ஒரே வேரின என்பதற்கு அவ்வடிவம் மட்டும் போதாது. மேலும், பிரெஞ்சு மொழியில் இதனையொத்த நோய்ச்சொல் இருப்பதற்கு இவ்விளக்கத்தில் இடமில்லை.

பிரெஞ்சு மூலம்

பழைய பிரெஞ்சில் 'கிளாப்புவார்' என்பது தொடையிடுக்கில் தோன்றும் அரையாப்புக் கட்டியைக் குறித்தது. 'கிளாப்பியே' என்பது முயல் வளையையும், அதன்வழிப் பரத்தையர் இல்லத்தையும் சுட்டியது. ஆங்கிலச் சொல்லை அகராதியியலாளர் இவற்றோடு உறவுபடுத்துவர்.

இங்கு ஒரு தடை எழலாம். வெட்டையின் முதன்மை அறிகுறி சீழ் ஒழுக்கு. கட்டியின் பெயர் அதற்கு எவ்வாறு வந்தது? இதற்கு மருத்துவ வரலாறே விடை தருகிறது. பால்வினை நோய்கள் அக்காலத்தில் தெளிவாகப் பிரித்தறியப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டிலும் ஜான் ஹண்டர் வெட்டையையும் கிரந்தியையும் ஒரே நோயாகவே கொண்டார். 1838இல் பிலிப் ரிக்கோர் அவற்றை வேறுபடுத்தினார். 1879இல் ஆல்பர்ட் நைசர் வெட்டையின் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். நோய்களே கலந்திருந்த காலத்தில் பெயர்களும் கலந்தமை இயல்பே.

இடப்பெயர் விளக்கம்

பாரிசின் ஒரு பகுதிப் பெயரிலிருந்து இச்சொல் வந்ததென்பது மூன்றாவது விளக்கம். முயல் வளையைக் குறிக்கும் பொதுப்பெயரே பரத்தையர் இல்லத்தையும் சுட்டியிருக்க, தனி இடமொன்றைத் தேடவேண்டிய தேவையில்லை.

தமிழ் ஒப்புமை

கிரேக்க மொழியில் 'கொனோரியா' என்பதற்கு வித்தின் ஒழுக்கு என்பது பொருள். வெளிப்படுவது சீழே, விந்து அன்று. ஆகவே மருத்துவம் ஏற்ற பெயரும் பண்டைய பிழைக்கருத்து ஒன்றைத் தாங்கியே நிற்கிறது. தமிழில் 'மேகநோய்' என்பதைக் கேட்போர் முகிலை எண்ணக்கூடும். அது சிறுநீர் தொடர்பான வடசொல்லாகிய 'மேஹ' என்பதன் தமிழ் வடிவம். மதுமேகம் என்னும் நீரிழிவுப் பெயரிலும் அதுவே உள்ளது. முகிலைக்கொண்டு மேகநோய்க்குப் பொருள் கூறுவதும், கைதட்டலைக்கொண்டு 'கிளாப்' என்பதற்குப் பொருள் கூறுவதும் ஒரே வகைப் பிழையாகும்.

முடிவுரை

மூன்றனுள் பிரெஞ்சு மூலமே சொல்வடிவம், பொருள், மருத்துவ வரலாறு ஆகிய மூன்றோடும் பொருந்துகிறது. கைதட்டல் கதை நிலைபெற்றதற்குச் சான்று காரணமன்று. அது தரும் நகைச்சுவையே காரணம். நோயுற்றோரின் வேதனையை நகைப்பாக்கும் ஒரு கதை மருத்துவ வரலாறாக ஏற்கப்படும்போது, மொழியாய்வும் பிழைபடுகிறது. நோயை வெளியே சொல்ல நாணுவோரின் தயக்கமும் வலுப்பெறுகிறது. நோய்ப்பெயர்களை ஆராய்வோர் ஒலியொப்புமைக்கு முன்னர்ச் சொல்லின் பதிவு வரலாற்றையும், அந்நோய் குறித்து அக்காலத்தார் கொண்டிருந்த அறிவையும் நோக்குதல் வேண்டும்.