ஏலமலை மருந்தும் நீல மின்முனையும்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலை ஜீப்புகளில் மலையேறும் தேனி மாவட்டத்துப் பெண்கள்தான் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பலவற்றில் காய் எடுக்கிறார்கள். அங்கே இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் அடிக்கிற மருந்துகளில் குயினால்பாஸும் குளோர்பைரிபாஸும் உண்டு. இரண்டும் ஆர்கனோபாஸ்பேட் இனம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அசிட்டைல்கோலினை உடைத்து அகற்றும் நொதி ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. அதைத்தான் இவை முடக்குகின்றன. அந்த நொதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் வழிகளில் ஒன்று, சாயப் பட்டறையில் பிறந்த ஒரு மூலக்கூறின் வழியாகப் போகிறது.

நடுவில் ஓர் உலோகம், சுற்றிலும் நான்கு நைட்ரஜன்: ஹீமில் இரும்பு, பச்சையத்தில் மக்னீசியம், வைட்டமின் பி12-இல் கோபால்ட். இந்தப் பெருவளையங்களின் செயற்கை உறவு தாலோசயனின். 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாய ஆலையில், பூச்சு விரிசல் விட்ட கலனின் இரும்போடு சேர்ந்து அதன் இரும்பு வகை தற்செயலாகத் தோன்றியது. அதன் அமைப்பை வேதியியலாளர் லின்ஸ்டெட் 1934-இல் தெளிவாக்கினார். செம்பு வகைதான் இன்று அச்சு மையின் நீலம். கோபால்ட் வகை எரிபொருள் கலத்தில் ஆக்சிஜனை ஒடுக்கும் என்று 1964-இல் ஜாசின்ஸ்கி காட்டியதும் சாயம் வினையூக்கியானது.

ஆக்சிஜனேற்றத்துக்கு வந்தால், 1985-இல் ஹால்பர்ட், பால்ட்வின் இருவரும் செய்த வேலை முக்கியமானது. கிராபைட் பொடியில் சிறிதளவு கோபால்ட் தாலோசயனின் கலந்து, கனிம எண்ணெய் விட்டுக் குழைத்து, குழாயின் முனையில் அடைத்துத் தாளில் தேய்த்து வழவழப்பாக்கினால் மின்முனை தயார். கந்தகம் கொண்ட தயோல்கள் இதில் எளிதாக ஆக்சிஜனேற்றமடைகின்றன. பூச்சி மருந்து உணரிகள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அசிட்டைல்தயோகோலினை நொதி உடைத்தால் தயோகோலின் வரும். அதை ஆக்சிஜனேற்ற வெறும் கார்பனுக்கு ஏறக்குறைய 0.7 வோல்ட் வேண்டும். கோபால்ட் வளையம் இருந்தால் 0.1 வோல்ட் அளவிலேயே மின்னோட்டம் கிடைக்கும். மருந்து நொதியை அடைத்திருந்தால் மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் அளவு.

சிலியில் ஹோசே சாகால், எந்த உலோகம் ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதை அதன் மின்னழுத்தத்தோடு பொருத்திக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் டெபெல்லோ நியோகாங் வளையத்தின் விளிம்புகளை மாற்றி மாற்றி ஆராய்ந்தார். மலைக்குக் கீழே, திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் எஸ். ஆபிரகாம் ஜான் குழுவினர் அமினோ தாலோசயனின்களை மின்முனைமேல் மெல்லிய படலமாகப் பதித்து உயிர்வேதிப் பொருள்களை அளந்திருக்கிறார்கள். நுட்பமான வேலை. ஆனால் இந்தத் துறையின் கட்டுரைகளில் பெரும்பகுதி சுத்தமான தாங்கல் கரைசலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள ஏலக்காய்ச் சாற்றில் தோய்த்தால் மின்முனை அழுக்கேறும் என்பது பலருக்குப் பின்குறிப்பு மட்டுமே.

இன்னொரு சிக்கல் வேதியியலிலேயே இருக்கிறது. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் இரண்டும் பாஸ்பரஸ்-கந்தகப் பிணைப்போடு வருகிறவை. அந்த வடிவில் நொதியைப் பெரிதாகத் தொடாது. கந்தகம் போய் ஆக்சிஜன் வந்தால்தான் கடுமை. ஆய்வகத்தில் அதற்குப் புரோமின் நீர் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். உடலில் கல்லீரலின் பி450 நொதிகள் அதைச் செய்கின்றன. அவற்றின் நடுவிலும் இரும்புப் பெருவளையம்தான் உட்கார்ந்திருக்கிறது! பாலக்காட்டு எல்லையில் முதலமடை மாந்தோப்புகளின் பேரில் பேசப்பட்ட எண்டோசல்பானோ இந்த வலையில் சிக்கவே சிக்காது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த அந்த மருந்து தாக்குவது இந்த நொதியை அல்ல, ஓர் ஏற்பியை.

ஆகவே, ஏற்றுமதிக் காயின் மருந்தெச்சத்தைப் பெரிய ஆய்வகங்களின் வாயு வண்ணப்பிரிகைக் கருவிகளிடமே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நீல மின்முனையை நீட்ட வேண்டியது மருந்தடிப்பவரின் விரல் நுனி இரத்தத்துக்கு. இதே நொதியை அளக்க 1961 முதல் புழக்கத்தில் இருக்கும் எல்மன் சோதனை மஞ்சள் நிறத்தை அளப்பது. இரத்தச் சிவப்பு அதற்குத் தொல்லை. மின்முனைக்கு நிறம் பொருட்டில்லை. இரத்தத்தில் இருக்கும் குளுட்டாதயோனும் ஒரு தயோல்தான் என்பதால், அசிட்டைல்தயோகோலின் சேர்க்காமல் ஓர் அளவு எடுத்துக் கழிக்க வேண்டும், செய்யக்கூடியதுதான். நொதி அளவு ஆளுக்கு ஆள் மாறும். எனவே மருந்தடிப்புப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் ஓர் அடிப்படை அளவு பதிவாகியிருக்க வேண்டும். காலையில் போடியிலிருந்து போய் இருட்டுமுன் இறங்கிவிடும் தொழிலாளிக்கு அந்தப் பதிவேட்டை எந்த மாநிலத்துச் சுகாதார நிலையம் வைத்திருக்கும்?