திகில் படத்தின் முதல் நிமிடம்

திகில் படத்தின் கதை தொடங்குமுன்பே இசையும் பெயர் எழுத்துகளும் பார்வையாளரைப் பதற்றத்துக்குத் தயார்செய்கின்றன. ஹாலிவுட்டின் ‘சைக்கோ’வுக்கு (1960) பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார், சோல் பாஸ் வடிவமைத்த பெயர்ப்பட்டியலில் கோடுகள் பாய்ந்து எழுத்துகளைத் துண்டாக்கும். தமிழில் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத படம். கதை துப்பாக்கிச் சூட்டோடு தொடங்குகிறது. அவரே இயக்கிய ‘பொம்மை’யில் (1964) இன்னும் துணிச்சல்: கலைஞர்களைப் படத்தின் முடிவில் தாமே திரையில் தோன்றி அறிமுகப்படுத்தினார்.

சிறிய படங்களுக்கும் இது பொருந்தும். இலங்கையின் அக்குறணையில் படமெடுக்கும் பாடசாலை மாணவருக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘திகில் இசை’யைவிட அங்கே ஓடும் பிங்கா ஓயா ஆற்றின் மழைக்கால இரைச்சல் மேல். இரத்தம் சொட்டும் எழுத்துரு பேய்ப்படத்திலேகூட மலிவுதான். சாதாரண எழுத்து, இருமுறை வாசிக்கும் நேரம் திரையில் நின்றால் போதும்.