அன்பும் ஆற்றலும்: அறிவுசார் குறைபாடுடைய பெற்றோர் திரையிற் சித்திரிக்கப்படும் முறைமை

ஒரு சமூகம் எவரை முழு மனிதராக ஏற்கின்றது, எவரை இரக்கத்துக்குரியவராக மட்டும் கொள்கின்றது என்பதை அறிதற்கு அதன் வெகுசனக் கலைகள் சிறந்த சான்றுகளாகும். அறிவுசார் குறைபாடோ ஓட்டிசமோ உடைய ஒருவர் திரைப்படத்திற் பெற்றோராகத் தோன்றும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. பிள்ளை வளர்ப்பு உணர்வு சார்ந்த ஒன்று மட்டுமன்று. சட்டமும் சொத்தும் அரசும் தலையிடும் களமுமாகும். ஜெசி நெல்சனின் நெறியாள்கையில் 2001இல் வெளிவந்த ‘ஐ ஆம் சாம்’, ஏ. எல். விஜயின் நெறியாள்கையில் 2011இல் வெளிவந்த ‘தெய்வத்திருமகள்’ ஆகிய இரு படங்களையும் இவ்வடிப்படையில் ஒப்புநோக்க முற்படுகின்றோம். பின்னையது முன்னையதன் கதையமைப்பைப் பெரிதும் தழுவியமை அது வெளிவந்த காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. எனினும், எதைத் தழுவியது என்பதிலும் பார்க்க எதை மாற்றியது என்பதே எமது கவனத்துக்குரியது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கோப்பிக்கடையில் வேலை செய்யும் சாம், தாய் கைவிட்டுச் சென்ற மகள் லூசியைத் தனித்து வளர்க்கின்றான். மகள் ஏழு வயதை எய்துகையில் அவள் தந்தையின் அறிவுநிலையைக் கடந்துவிடுவாள் எனக் கூறி அரசு அவளைப் பிரிக்கின்றது. ஊட்டியை அடுத்த மலைப்பகுதியில் சொக்கலேற் தொழிற்சாலையொன்றில் உழைக்கும் கிருஷ்ணா, பிரசவத்தின்போது மனைவியை இழந்து மகள் நிலாவை வளர்க்கின்றான். அவளைப் பிரிப்பது அரசன்று. மனைவியின் செல்வம் படைத்த குடும்பமாகும். இரு கதைகளும் நீதிமன்றிலேயே உச்சமடைகின்றன. இரண்டிலும் வழக்கின் பொருள் ஒன்றே: அன்பு மட்டும் போதுமா, ஆற்றலும் வேண்டுமா?

இவ்வினாவே பிழையானது என்பது எமது கருத்து. அது இரண்டு எடுகோள்களின் மேல் நிற்கின்றது. வளர்ந்த ஒருவரைக் குழந்தையாகக் கொள்ளலாம் என்பது முதலாவது. ‘மன வயது’ என்னும் அளவுகோல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சில் பினேயும் சிமோனும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வகுத்த சோதனைகளிலிருந்து தோன்றியது. வகுப்பறையில் எவருக்கு மேலதிக உதவி தேவை என்பதைக் கண்டறிதலே அச்சோதனைகளின் நோக்கம். ஆண்டுக்கணக்காகத் தொழில் செய்து, வாடகை செலுத்தி, நண்பரோடு உறவாடி வாழ்ந்த ஒருவரின் அனுபவத்தை அது அளப்பதில்லை. ‘ஏழு வயது மனம்’ என்னும் தொடர் உருவகமேயன்றி அறிவியல் உண்மையன்று. ஆயின் இப்படங்கள் அவ்வுருவகத்தை மெய்யெனக் கொண்டு, தந்தையைப் பிள்ளையின் விளையாட்டுத் தோழனாக்குகின்றன. குழந்தையென ஆக்கப்பட்டவர் இரக்கத்தைப் பெறலாம். உரிமையைப் பெறுதல் அரிது.

இதனோடு தொடர்புடையது ஓட்டிசம் பற்றிய மயக்கம். சாம் கடையிற் சீனிப் பொதிகளை நிறவாரியாக அடுக்குகின்றான். பழகிய ஒழுங்கு குலைந்தால் கலங்குகின்றான். ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தப்படும் இத்தகைய நடத்தைகள் அறிவுசார் குறைபாட்டின் புற அடையாளங்களாக இங்கே கலக்கப்படுகின்றன. இரண்டும் ஒருவரிடத்துச் சேர்ந்தும் காணப்படலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தம் பிள்ளைக்கு ஓட்டிசம் உண்டெனக் கண்டறியப்பட்ட பின்னரே தமக்கும் அஃது உண்டென அறியவரும் பெற்றோர் இன்று உளர். நடிகரின் திறமைக்குக் களமாகக் குறைபாட்டை நோக்கும் திரையுலகில் அவர்களுக்கு இடமில்லை. சாமாக நடித்த ஷோன் பென் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதே படத்தில் அவனது நண்பர்களுள் இருவராக நடித்தோர் உண்மையிலேயே மாற்றுத்திறனாளிகள். அவர்களின் இயல்பான இருப்பு, நாயகனின் பயிற்சிபெற்ற அசைவுகளோடு ஒப்பிடற்பாலது.

இரண்டாவது எடுகோள், பிள்ளை வளர்ப்பு ஒரு தனியாளின் ஆற்றல் என்பதாகும். இதை ‘ஐ ஆம் சாம்’ தன்னையறியாமலே மறுக்கின்றது. கைக்குழந்தைக்கு எப்போது பாலூட்டுவதென்று அறியாத சாமுக்கு, குறித்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நேரக்கணக்காகக் கொள்ளுமாறு அயலவளான ஆனி கற்பிக்கின்றாள். சில நிமிடங்களே நீளும் இக்காட்சி, நீதிமன்றக் காட்சிகள் அனைத்திலும் பார்க்க உண்மை பொதிந்தது. குறைபாடு என்பது ஆளுக்குள் மட்டும் உறைவதன்று. உதவி கிட்டாதவிடத்து அது பெருகும், கிட்டியவிடத்துச் சுருங்கும் என்பதை அது காட்டுகின்றது. மேலும், சாமுக்காக வாதாடும் சட்டத்தரணி ரீற்றா தன் மகனோடு பேசவும் நேரமற்றவள். அவளது பெற்றோர்த் தகுதியை எந்த மன்றும் விசாரிப்பதில்லை. பணம் கொடுத்துப் பெறும் உதவி ‘வசதி’ எனவும், வறியவர் அயலாரிடம் பெறும் உதவி ‘இயலாமை’ எனவும் பெயர்பெறுதல் வர்க்க சமுதாயத்தின் இயல்பாகும்.

இரு படங்களின் முடிவுகளும் இவ்விடத்திலேயே வேறுபடுகின்றன. ‘ஐ ஆம் சாம்’ படத்தில் வளர்ப்புத்தாய் லூசியைத் தந்தையிடமே மீட்டுத் தருகின்றாள். அவனோ அவளது துணையை ஏற்கின்றான். நடுத்தர வர்க்கத்தின் நல்லெண்ணத்தில் தங்கிய தீர்வெனினும், வளர்ப்பைப் பகிர்ந்துகொள்ளும் தீர்வு அது. ‘தெய்வத்திருமகள்’ படத்திலோ கிருஷ்ணா வழக்கில் வெல்கின்றான். வென்றபின், மகளின் எதிர்காலம் கருதித் தானே அவளை மனைவியின் தங்கையிடம் ஒப்படைக்கின்றான். சட்டம் வழங்கிய உரிமையைத் தியாகம் பறிக்கின்றது. செல்வக் குடும்பம் மன்றில் இழந்ததைத் தந்தையின் கையாலேயே பெறுகின்றது. பார்வையாளர் கண்ணீரோடு அதற்கு உடன்படுகின்றனர். பிள்ளை தந்தையோடிருந்தே கல்வி பெறும் வழியொன்று அக்கதையில் ஏன் தோன்றவில்லை? தியாகத்தைத் தெய்வத்தன்மையாக்கும் மரபு, அவ்வினா எழுமுன்னரே அதற்கு விடையிறுத்துவிடுகின்றது.

இது வெறும் கதை முடிவு பற்றிய வாதமன்று. 1927இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், அறிவு குறைந்தவள் எனப்பட்ட கரி பக் என்னும் வறிய இளந்தாய்க்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. குறைபாடுடையதென அவ்வழக்கில் முத்திரை குத்தப்பட்ட அவளது குழந்தை, பின்னர் பாடசாலையின் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய சட்டங்களால் அந்நாட்டிற் கருத்தடைக்கு உள்ளானோர் 60,000 பேருக்கு மேலாவர். அறிவுசார் குறைபாடுடைய பெற்றோருள் 40 முதல் 80 சதவீதத்தினர் வரை பிள்ளைகளை இழப்பதாக அந்நாட்டுத் தேசிய மாற்றுத்திறனாளர் மன்றம் 2012இல் எடுத்துக்காட்டியது. இந்தியாவில், ‘தெய்வத்திருமகள்’ வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2009இல், சண்டிகார் அரச இல்லமொன்றில் வல்லுறவினாற் கருவுற்ற அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் வழக்கில், அவளது சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாது என இந்திய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுண்ணறிவு ஈவு குறைந்தவரும் நல்ல பெற்றோராதற்குரிய சமூக, உணர்வுசார் ஆற்றல் உடையவராதல் கூடும் என அது கருதியது. தாயையும் சேயையும் பராமரிக்க அரசின் தேசிய நம்பகம் முன்வந்தமையும் அத்தீர்ப்பிற் கவனிக்கப்பட்டது. திரை காண மறுத்த தீர்வை நீதிமன்று கண்டது எனலாம்.

இவ்விரு வழக்குகளும் பெண்கள் பற்றியவை என்பதும் கருதற்பாலது. இவ்விரு படங்களும் தந்தையரையே தெரிந்தெடுக்கின்றன. தாயர் ஓடிப்போகின்றனர் அல்லது இறந்துபோகின்றனர். ஆண் பிள்ளை வளர்த்தலை அருஞ்செயலாகவும் பெண் பிள்ளை வளர்த்தலைக் கடமையாகவும் கொள்ளும் சமுதாயத்தில், தவறும் தந்தைக்கு இரக்கமும் தவறும் தாய்க்குத் தண்டனையும் கிட்டுதல் வியப்பன்று.

இப்படங்களை முற்றாக நிராகரித்தல் எமது நோக்கமன்று. இத்தகையோரும் அன்பு செலுத்த வல்லவர் என்பதைப் பெருந்திரளான மக்கள் உணர அவை வழிசெய்தன. எனினும் அன்பை நிரூபித்தாலன்றிப் பிள்ளை இல்லை என்னும் நிபந்தனை ஏனைய பெற்றோர்க்கு விதிக்கப்படுவதில்லை. பெற்றோரின் குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பிரித்தலாகாது என 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் தனது 23ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்குத் தக்க உதவி வழங்குதலை அரசின் கடப்பாடாகவும் அது ஆக்குகின்றது. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் அதனை ஏற்புறுதி செய்தன. ஆதலின், இனிவரும் கலைஞர் எழுப்பவேண்டிய வினா ‘இவர் பெற்றோராக வல்லவரா?’ என்பதன்று, ‘இவர் பெற்றோராக வாழ்தற்கு நாம் எதைச் செய்தோம்?’ என்பதேயாகும். அவ்வினா எழும் நாளில் விசாரணைக் கூண்டில் நிற்பது தந்தையல்லன், சமூகமே.